முள்ளைச் சந்தேகிப்பதா, சென்சாரையா, எஞ்சினையா? வெப்பநிலைக் கோளாற்றைக் கண்டறியும் ஐந்து வழிகள்: ஓர் ஒப்பீடு

காரின் வெப்பநிலை முள் வழக்கத்துக்கு மாறாக ஏறும்போதோ இறங்கும்போதோ உரிமையாளர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரை நேரடியாக மாற்றிவிடலாம். வண்டியின் கணினியில் உள்ள தகவல்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பார்க்கலாம். மல்டிமீட்டரால் ஒயரையும் சென்சாரையும் அளக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் எஞ்சினின் மேற்பரப்புச் சூட்டைப் பார்க்கலாம். எந்தத் தலைவலியும் வேண்டாமென்று வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிடலாம். இவற்றில் எது மலிவு, எது சுலபம் என்றுதான் பெரும்பாலோர் ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன்: எந்த உறுப்பின்மீது சந்தேகம் இருக்கிறதோ அந்த உறுப்பைச் சாராமல் பதில் சொல்லக்கூடிய கருவி எது? முள் பொய் சொல்கிறதா என்று, அதே சென்சாரிடமிருந்து தகவல் பெறும் இன்னொரு திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயல்வது ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுவதற்குச் சமம்.

ஒப்பீட்டுக்குள் நுழையும் முன் ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, சென்சார் பழுதாக இருக்கலாம் என்ற ஊகத்துக்கு அந்த நேரத்தில் இடமில்லை. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் கூலன்ட் தொட்டியின் மூடியையும் சூட்டோடு திறக்கவே கூடாது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை உள்ளே தேக்கி வைப்பதால்தான் அந்தக் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிப் போகிறது. மூடியைத் தளர்த்தினால் அந்த அழுத்தம் போய்விடும். 115 டிகிரியில் கொதிக்காமல் இருந்த திரவம் அக்கணமே நீராவியாகி முகத்தில் பீறிடும். பொய்யான எச்சரிக்கையை நம்பி நின்றால் நேரம் மட்டுமே வீணாகும். உண்மையான எச்சரிக்கையைப் பொய்யென்று எண்ணி ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போகும்.

இதைவிட எளிதாக ஏமாற்றிவிடக்கூடியது, மேலே ஏறியிருந்த முள் திடீரென்று குளிர்ப் பக்கம் விழுவதாகும். சென்சாரின் முனை எப்போதும் திரவத்தில் மூழ்கியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் அமைந்திருக்கிறது. ஹோஸ் கிழிந்து கூலன்ட் வடிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். சுற்றியுள்ள உலோகம் தகித்துக்கொண்டிருக்கும்போதே முள் இயல்பு நிலைக்குக் கீழே இறங்கக்கூடும். ஒருமுறை நீண்ட மேட்டில் என் பழைய வண்டியின் முள் முக்கால் அளவுக்கு ஏறி, பிறகு மளமளவென்று இறங்கியதைப் பார்த்து நிம்மதி அடைந்தேன். அடுத்த சில நொடிகளில் பானெட் ஓரத்திலிருந்து இனிப்புக் கலந்த ஒரு வாடை வந்தது. சந்தேகப்பட்டு ஹீட்டரைப் போட்டபோது குளிர்ந்த காற்று வீசியது. ஹீட்டருக்குள் ஓடுவதும் அதே கூலன்ட்தான் என்பதால், சூடான எஞ்சினில் ஹீட்டர் குளிர்ந்த காற்றை வீசினால் பெரும்பாலும் அங்கே ஓடுவதற்குத் திரவம் இல்லை என்று பொருள். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், ஆறிய எஞ்சினில் கூலன்ட் மட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஸ்கேனரைத் தேடி ஓடுபவர்கள் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம்.

வழிகளை ஒப்பிட, முள்ளுக்கும் எஞ்சினுக்கும் இடையே என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கூலன்ட் சென்சாரின் உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும் மின்தடை, 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டியும் 100 டிகிரியில் 200 ஓமுக்குச் சற்றுக் கீழேயும் வந்துவிடுகிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, ஒரு நிலையான மின்தடை வழியாக 5 வோல்ட்டை இந்தச் சென்சாருக்கு அனுப்பி, சென்சாரில் எஞ்சி நிற்கும் மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. பழைய கார்களில் இரண்டு தனித்தனி உறுப்புகள் இருந்தன: இசியுவுக்கு இரண்டு ஒயர் கொண்ட சென்சார் ஒன்று, டேஷ்போர்டு முள்ளுக்குத் தகவல் அனுப்பும், ஒற்றை ஒயர் கொண்ட ‘செண்டர்’ (sender) ஒன்று. சிலவற்றில் ஃபேனை இயக்க மூன்றாவதாக ஒரு சுவிட்சும் இருந்தது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஒரே சென்சார்தான். அது இசியுவிடம் சொல்ல, இசியு, வண்டியின் கணினிகளை இணைக்கும் தகவல் பாதையான கேன் பஸ் வழியாக டேஷ்போர்டுக்குச் சொல்கிறது. உங்கள் வண்டி இந்த இரண்டில் எந்த வகை என்பதைப் பொறுத்தே கீழே வரும் வழிகளின் மதிப்பு மாறும்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். பல நவீன கார்களின் முள் உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் நட்டநடுவில் அசையாமல் நிற்கும்படி மென்பொருளிலேயே அமைத்துவிடுகிறார்கள். சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களைப் பார்த்து ஓட்டுநர்கள் பதறக் கூடாது என்பதே காரணம். எனவே அத்தகைய வண்டியில் முள் நடுவை விட்டு லேசாக நகர்ந்தாலே உள்ளே வெப்பநிலை கணிசமாக மாறிவிட்டது என்று கொள்ள வேண்டும். பழைய வண்டியில் அதே அளவு அசைவு சாதாரணம்.

முதல் வழியான சென்சாரை மாற்றுவது பலருக்கும் பிடித்தமானது. உறுப்பு சிறியது, பல எஞ்சின்களில் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும், ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். ஆனால் இது சோதனையே அல்ல, பந்தயம். வென்றால் நேரம் மிச்சம். தோற்றால் கோளாறு அப்படியே இருப்பதோடு, சென்சார் சரியாகத்தான் இருக்கும் என்ற தவறான நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். நானே ஒரு வண்டியில் இரண்டு முறை சென்சார் மாற்றினேன். மூன்றாம் முறை கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது இரண்டு பின்களில் ஒன்றின் அடியில் பச்சை நிறத்தில் பொடி பூத்திருந்தது. ஒயரை லேசாக இழுத்ததும் அது கையோடு வந்துவிட்டது. மாற்றும் வேலையிலும் கவனக் குறைவுக்கு இடமுண்டு. ஒற்றை ஒயர் செண்டர் தன் மரையின் வழியாகத்தான் எஞ்சின் உலோகத்தில் எர்த் பெறுகிறது. கசியக் கூடாதென்று அதன்மேல் டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அந்தத் தொடர்பு கெட்டு, புதிய செண்டரும் தவறாகக் காட்டும். தவிர, சென்சாரைக் கழற்றும்போது கூலன்ட் கொஞ்சம் கொட்டிக் காற்று உள்ளே புகும். அந்தக் காற்றை வெளியேற்றாவிட்டால் முள் முன்பைவிட மோசமாக ஆடும். மின் அளவீட்டில் சென்சார் கெட்டுவிட்டது என்று தெளிவான பிறகு மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைப்பேன்.

ஸ்கேனரின் இடம் வேறு. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001ஆம் ஆண்டிலும் டீசல் கார்களுக்கு 2004ஆம் ஆண்டிலும் அதற்கு இணையான விதி வந்தது. அதன்பின் வந்த வண்டிகளில் 16 பின் கொண்ட அந்தச் செருகியில் ஒரு சிறிய புளூடூத் அடாப்டரைப் பொருத்தினாலே இசியு என்ன வெப்பநிலையை நம்புகிறது என்பதை எண்ணாகப் பார்க்கலாம். நடுவில் உறைந்து நிற்கும் முள்ளைவிட இது எவ்வளவோ மேல். பழுதுக் குறியீடுகளும் திசை காட்டும்: பி0117 என்றால் சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகக் குறைவு, அதாவது எங்கோ ஷார்ட், பி0118 என்றால் மிக அதிகம், அதாவது எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது, பி0119 என்றால் விட்டுவிட்டு வரும் கோளாறு. பி0128 என்ற குறியீட்டைப் பார்த்து அவசரமாகச் சென்சாரை மாற்றுபவர்கள் உண்டு. எஞ்சின் போதிய நேரத்துக்குள் சூடேறவில்லை என்பதே அதன் பொருள். பெரும்பாலும் திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டோ (எஞ்சின் சூடேறியபின் ரேடியேட்டருக்குக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு) குறைந்துபோன கூலன்ட்டோதான் காரணமாக இருக்கும்.

ஸ்கேனரால் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதிகாலைச் சோதனை. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் எஞ்சினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பநிலையையும் எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் வெப்பநிலையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு சென்சார்கள். இரவெல்லாம் ஒரே காற்றில் ஆறியவை. ஆகவே சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். காற்று 24 என்றும் கூலன்ட் 51 என்றும் காட்டினால் கூலன்ட் சென்சாரோ அதன் ஒயரோ பொய் சொல்கிறது. கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 என்று நின்றால் அது இசியு காட்டக்கூடிய மிகக் குறைந்த எண்; தொடர்பு அறுந்துவிட்டது என்பதன் மறுவடிவம். அத்தகைய நிலையில் பல கார்களில் இசியு தற்காப்பாக ரேடியேட்டர் ஃபேனை ஓயாமல் ஓடவிடும். ஏசி அணைந்திருக்க, ஆறிய எஞ்சினில் சாவியைத் திருப்பியதுமே ஃபேன் சுழன்றால் காரணத்தை இங்கேயே தேடலாம்.

ஆயினும் ஸ்கேனர் காட்டும் எண்ணும் சென்சாரின் வாய்வழி வந்ததுதான். ஒரே சென்சார் உள்ள வண்டியில், சூடான எஞ்சினில் ஸ்கேனர் 118 என்று காட்டுவதும் முள் சிவப்பில் நிற்பதும் இரண்டு சான்றுகள் ஆகா. ஸ்கேனர் 92 என்று சொல்ல முள் மட்டும் சிவப்பில் இருந்தால், பழுது டேஷ்போர்டில்தான் என்று பிரித்துக் காட்டும் அளவுக்கு அது பயன்படும். தனித்தனிச் சென்சார்கள் உள்ள பழைய ஏற்பாட்டிலோ ஸ்கேனரும் முள்ளும் உண்மையிலேயே இரண்டு சாட்சிகள். இரண்டும் சூடு என்று சொன்னால் எஞ்சின் சூடாகத்தான் இருக்கிறது என்று ஏறக்குறைய நம்பிவிடலாம்.

மல்டிமீட்டர் பொறுமை கேட்கும் கருவி, ஆனால் சென்சார், ஒயர், இசியு ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க இதைப்போல இன்னொன்று இல்லை. கனெக்டரைக் கழற்றி, இக்னிஷன் போட்ட நிலையில் ஒயர்ப் பக்கத்தின் இரண்டு பின்களுக்கிடையே அளந்தால் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் சென்சாரை விட்டுவிட்டு ஒயரையும் இசியுவையும் பார்க்க வேண்டும். இங்கே ஸ்கேனரும் மல்டிமீட்டரும் கைகோப்பது உண்டு: கனெக்டர் கழன்றிருக்கும்போது ஸ்கேனர் மைனஸ் 40 காட்டி, ஒயர்ப் பக்கத்தின் இரண்டு பின்களையும் ஒரு சிறு ஒயரால் இணைத்ததும் உச்ச எண்ணுக்குத் தாவினால், ஒயரிலும் இசியுவிலும் பழுதில்லை, மிச்சமிருப்பது சென்சார்தான். சில இசியுக்கள் தொடர்பு அறுந்ததும் தாமே ஒரு மாற்று எண்ணைப் போட்டுக்கொள்ளும் என்பதால் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சோதனை முடிந்ததும் அதனால் பதிவான பழுதுக் குறியீடுகளை அழித்துவிட வேண்டும்.

சென்சாரைக் கழற்றிச் சோதிப்பது அதைவிடத் திருத்தமானது. ஒரு பாத்திரத் தண்ணீரில் சென்சாரின் முனையை அடித்தட்டில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்து, தண்ணீர் சூடேறும்போது மின்தடை இறங்குவதைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். இறுதி எண்ணைவிட இறங்கும் விதம் முக்கியம். வழுக்கி இறங்குவதுபோல் சீராக வர வேண்டிய எண், 60 டிகிரிக்கு அருகில் ஒரு நொடி எங்கோ எகிறிவிட்டுத் திரும்பினால் உள்ளே விரிசல் இருக்கிறது. குளிர்ந்த நிலையிலும் கொதிநிலையிலும் மட்டும் அளந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. ஒயரோடு இணைந்த நிலையில் மின்னழுத்தத்தை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில தயாரிப்பாளர்களின் இசியுக்கள் 50 டிகிரிக்கு அருகில் உள்மின்தடையை மாற்றிக்கொள்வதால், இறங்கி வந்த மின்னழுத்தம் திடீரென்று உயர்ந்து மீண்டும் இறங்கும். அது கோளாறு அன்று.

பழைய ஒற்றை ஒயர் முள்ளுக்கு மல்டிமீட்டர்கூடத் தேவையில்லை. பெரும்பாலான வண்டிகளில் இக்னிஷன் போட்ட நிலையில் செண்டரின் ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கமும், அந்த ஒயரைச் சில நொடிகள் மட்டும் எஞ்சின் உலோகத்தில் தொட்டால் சூட்டுப் பக்கமும் போக வேண்டும். இரண்டும் நடந்தால் முள்ளும் ஒயரும் நலம், செண்டரே குற்றவாளி. வெப்பநிலை முள்ளோடு எரிபொருள் முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான மின்னழுத்தச் சீராக்கியையோ டேஷ்போர்டின் எர்த்தையோதான் பார்க்க வேண்டும்.

அகச்சிவப்பு வெப்பமானியைப் பற்றி எனக்கு இரு மனம் உண்டு. இந்தப் பட்டியலில் சென்சாரையோ ஒயரையோ இசியுவையோ நம்பாத கருவி, நாமே வைத்துக்கொள்ளக்கூடியவற்றில், இது ஒன்றுதான். அந்த வகையில் இதன் சாட்சியம் விலைமதிப்பற்றது. ஆனால் பயன்படுத்துபவர் அறியாவிட்டால் இதுவும் நன்றாகப் பொய் சொல்லும். பளபளப்பான அலுமினியம் வெப்பக் கதிர்களைக் குறைவாகவே உமிழ்வதால், தகிக்கும் தெர்மோஸ்டாட் உறையைக் குறிவைத்தாலும் திரையில் மிகக் குறைந்த எண் வரலாம். அதே இடத்தில் ஆறிய நிலையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சிறிது ஒட்டிவைத்து, எஞ்சின் சூடேறியபின் அதன்மேல் அளந்தால் எண் உண்மைக்கு அருகில் வரும். அப்படியும் மேற்பரப்பு உள்ளே இருக்கும் திரவத்தைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். ஆகையால் 92 டிகிரியா 97 டிகிரியா என்ற கேள்விக்கு இது உதவாது; 90 டிகிரியா 120 டிகிரியா என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும். முள் சிவப்புக்கு ஏறியபோது நமக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான்.

அதோடு, தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கவும் இது கைகொடுக்கும். குளிர்ந்த எஞ்சினை இயக்கி ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது அளந்துகொண்டிருந்தால், பல எஞ்சின்களில் முதலில் வெதுவெதுப்பாக இருக்கும் அது, 82 முதல் 92 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும்போது சில நிமிடங்களில் வெப்பம் தாவி ஏறும். தொடக்கத்திலிருந்தே மேல் ஹோஸ் மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடவே இல்லை. எஞ்சின் கொதித்தும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் அது திறக்கவே இல்லை, அல்லது வாட்டர் பம்ப் சுழற்றவில்லை. ரேடியேட்டரின் முகப்பில் சில இடங்கள் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே உள்குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கலாம். ஃபேன் எந்த நொடியிலும் சுழலத் தொடங்கும் என்பதை மறந்து கையை அருகில் கொண்டுபோகக் கூடாது.

ஒர்க்ஷாப்பில் விடுவதைக் கடைசியில் வைத்ததற்கு அது மோசமான வழி என்பது காரணமல்ல. சில நிலைகளில் அதுதான் முதல் வழி. கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போயும் தரையில் ஒரு துளி ஈரம் இல்லை என்றால், குளிர்ந்த எஞ்சினை இயக்கியதுமே தொட்டியில் குமிழிகள் எழும்பினால், எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கெட்டின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிந்திருந்தால் நீல நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும் சோதனைத் திரவமும், அமைப்பை அழுத்தமேற்றிக் கசிவைத் தேடும் பம்பும் அங்கே இருக்கும். ஆனால் "முள் ஏறுகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லி வண்டியை விடுபவருக்கும், "காலையில் காற்று 24, கூலன்ட் 23, ஓட்டும்போது ஸ்கேனர் 112, டேப்பின்மேல் அளந்தது 106" என்று எழுதிக்கொடுப்பவருக்கும் கிடைக்கும் கவனிப்பு ஒன்றாக இருக்காது. இரண்டாமவரின் வண்டியில் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லத் துணியமாட்டார்.

என் தேர்வு நிலைமைக்கு ஏற்ப மாறும். முள் சூடென்று சொன்னால் முதலில் அகச்சிவப்பு வெப்பமானியை எடுப்பேன், ஏனெனில் அங்கே தவறினால் இழப்பது எஞ்சின். முள் எப்போதும் குளிரென்று சொன்னால், கூலன்ட் மட்டத்தைப் பார்த்தபின் ஸ்கேனரோடு அதிகாலைச் சோதனை. நெடுஞ்சாலையில் மட்டும் முள் இறங்கி, நெரிசலில் இயல்புக்கு வந்தால் நேராகத் தெர்மோஸ்டாட். முள் விட்டுவிட்டுத் துள்ளினால், ஒயரை ஆட்டிக்கொண்டே மல்டிமீட்டரைப் பார்ப்பேன். காற்றுக் குமிழியா கனெக்டரா என்பது அப்போது பெரும்பாலும் தெரிந்துவிடும். முள் ஒழுங்காக இருந்தும் எரிபொருள் அதிகம் குடித்து, கரும்புகை கக்கினால், எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று இசியு தவறாக நம்பிக் காற்றோடு எரிபொருளை அளவுக்கு மீறிக் கலக்கிறதா என்று ஸ்கேனரில் பார்ப்பேன். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்பவர், ஓபிடி-2 செருகி உள்ள வண்டியாக இருந்தால் ஸ்கேனரையும், இல்லாததாக இருந்தால் மல்டிமீட்டரையும் வாங்கலாம்.

எந்த வழியில் சென்றாலும், பழுது நீங்கிவிட்டதா என்பதை வேலை முடிந்த மாலையிலேயே முடிவு செய்ய வேண்டாம். காற்றை வெளியேற்றியபின் ஒருமுறை முழுச் சூட்டுக்கு ஓட்டி, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் கூலன்ட் மட்டத்தை மீண்டும் பாருங்கள். உள்ளே சிக்கியிருந்த கடைசிக் குமிழிகள் வெளியேறி மட்டம் சற்று இறங்கியிருக்கும். அதை நிரப்பிவிட்டு, எஞ்சினை இயக்கும் முன் காற்று, கூலன்ட் ஆகிய அந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை அருகருகே பார்த்துவிடலாம்.